பியாங்கா தூங்காத இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில், அதாவது மாயாஜாலக் காதல் அனிமேக்களில், நாயகனின் சிறுவயதுத் தோழி எப்போதும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறாள். அவனைத் திட்டுகிறாள், அடிக்கிறாள், "ஒன்றும் உனக்காகச் செய்யவில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைசியில் நேற்று வந்த ஒருத்தியிடம் அவனைப் பறிகொடுக்கிறாள். வெளியே கடுகடுப்பும் உள்ளே அன்புமான இந்த 'சுன்தெரே' பெண்களை நீங்கள் பாராட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாதவளாகப் பெண்ணைக் காட்டுவதில் என்ன அழகு?

ர.

அன்புள்ள ர.,

அடிப்பதைப் பற்றி உங்களோடு எனக்கு வழக்கில்லை. அவள் உதைக்க, அவன் சுவரில் மோதி விழும் காட்சிகள் சோம்பேறித்தனமான எழுத்து. ஆனால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்கிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை. சொன்னால் எதை இழப்போம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வந்தவளின் காதலை அவன் மறுத்தால் அவள் வந்த வழியே போய்விடலாம். இவளுக்கோ இத்தனை வருட நட்பும் சேர்ந்து போய்விடும்.

1992இல் வெளியான 'டிராகன் குவெஸ்ட் 5' அனிமே அல்ல, வீடியோ கேம். இருந்தாலும் அதில் வரும் பியாங்காவை விட்டுவிட்டு இதைப் பேச எனக்கு மனம் வராது. பையன்கள் துன்புறுத்தும் ஒரு விலங்குக் குட்டியை மீட்பதற்காக, சிறுவனான நாயகனோடு இரவில் பேய்க் கோட்டைக்குள் புகுந்தவள். உன்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்ற அதிகாரம் வேறு. பல வருடம் கழித்துச் சந்திக்கும்போது அவன் ஃப்ளோரா என்ற பணக்கார வீட்டுப் பெண்ணை மணக்கும் நிலையில் இருக்கிறான். இருவரில் யார் என்று முடிவு செய்ய ஓர் இரவு அவகாசம். பியாங்கா தூங்கவில்லை. தேடி வந்தவனிடம், என்னைப் பற்றிக் கவலைப்படாதே, இதுவரை தனியாகத்தானே இருந்தேன் என்கிறாள். திட்டும் இல்லை, அடியும் இல்லை; ஆனாலும் சுன்தெரேயின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஆடுபவர் ஃப்ளோராவைத் தேர்ந்தெடுத்தால் பியாங்கா மலைக் கிராமத்தில் தந்தையோடு இருந்துவிடுகிறாள்.

என் கோபமெல்லாம் நாயகன் மீதுதான். அவன் காதில் எதையுமே விழவிடாமல் பல தொடர்கள் பன்னிரண்டு வாரத்தை ஓட்டிவிடுகின்றன. 2023இல் வந்த, லீசலோட்டே என்ற பெண்ணைப் பற்றிய அனிமே தொடர் சரியாக அங்கே கைவைத்தது. லீசலோட்டே, இளவரசன் சீக்வால்டுக்கு நிச்சயிக்கப்பட்டவள், நாக்கில் நெருப்பு. அவள் ஒரு கேமின் பாத்திரம். அதை ஆடும் இரண்டு பள்ளி மாணவர்கள் கிரிக்கெட் வர்ணனைபோல அவளை வர்ணிக்கிறார்கள், அந்தக் குரல்கள் தெய்வவாக்காக இளவரசன் காதில் விழுகின்றன. இந்தச் சுடுசொல் வெட்கத்தில் வந்தது, உள்ளே இருப்பது அன்பு என்று ஒரு குரல் விளக்க விளக்க, திமிர் பிடித்தவள் என்று எண்ணியிருந்தவளை அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்க்கிறான். அவள் முகம் சிவந்துபோகிறது. அந்தக் குரல்கள் இல்லாத கேமில் யாருக்கும் புரியாமலே அவளை ஒரு சூனியக்காரி ஆட்கொள்கிறாள், அவள் அழிந்துபோகிறாள்.

முதல் அத்தியாயத்தை மட்டுமாவது பாருங்கள். அதன் பிறகும் லீசலோட்டே மீது உங்கள் வருத்தம் தீரவில்லை என்றால் எழுதுங்கள், பேசுவோம்.