எண்ணிக்கை சரி, ரத்தம் மட்டும் நிற்கவில்லை: தட்டணு ஒட்டு ஏற்பி பற்றிய கேள்வி பதில்

தட்டணுக்களை (பிளேட்லெட்) ஒன்றோடொன்று பிணைக்கும் ஏற்பியைப் பற்றியும், அது பிறவியிலேயே இல்லாமல் போகும் கிளான்ஸ்மன் நோயைப் பற்றியும் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ரத்தவியல் மருத்துவராக எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டாக்டர், என் மகனுக்கு ஏழு வயது. அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும், எளிதில் நிற்காது. கை காலில் காரணமே இல்லாமல் நீலத் திட்டுகள். பிளேட்லெட் 2.8 லட்சம், எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். வேறு எதைப் பார்ப்பது?

அம்மா, எத்தனை தட்டணு இருக்கிறது என்பதைத்தான் அந்த எண்ணிக்கை சொல்லும். அவை வேலை செய்கின்றனவா என்று சொல்லாது. பல குழந்தைகளுக்கு நோய் தெரிய வருடக்கணக்கில் தாமதமாவது இந்த இடத்தில்தான். எனக்கு இதில் மிகுந்த ஆதங்கம் உண்டு.

கண்மாய்க் கரை உடைந்தால் மணல் மூட்டைகளை அடுக்குவோம். மூட்டைகள் ஒன்றையொன்று பிடித்து நிற்காவிட்டால் எத்தனை போட்டாலும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். தட்டணுக்களுக்கு அந்தப் பிடிப்பைத் தருவது அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் ஆல்ஃபா-2பி பீட்டா-3 என்ற இன்டெக்ரின் வகை ஏற்பி. ஒரு தட்டணுவில் ஏறக்குறைய 80,000 இருக்கும். ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜென் புரதம் ஒரு முனையால் இந்தத் தட்டணுவையும், மறுமுனையால் அடுத்த தட்டணுவையும் பிடித்துக்கொள்கிறது. கிளான்ஸ்மன் நோயில் இந்த ஏற்பி இருக்காது, அல்லது இருந்தும் வேலை செய்யாது.

முதலில், விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை நேராகக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். இயல்பாக அதில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். இந்த நோயில் தனித்தனியாகக் கிடக்கும். செலவு மிகக் குறைவு. பிறகு தட்டணுத் திரள்வுச் சோதனை. தட்டணுக்களைத் தூண்டும் ஏடிபி (ADP), கொலாஜன் போன்ற பொருட்களைச் சேர்த்தும் திரளாமல், ரிஸ்டோசெட்டின் என்ற பொருளுக்கு மட்டும் பதில் கொடுத்தால் கிளான்ஸ்மன் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். செல்களின் மேற்பரப்புப் புரதங்களை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், இந்த ஏற்பியின் இரு பாகங்களான சிடி41, சிடி61 இரண்டையும் அளந்தால் ஏற்பி எவ்வளவு இருக்கிறது என்றே தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். திரள்வுச் சோதனைக்கு ரத்தம் புதிதாக இருக்க வேண்டும், சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். ஊரில் ரத்தம் எடுத்து கூரியரில் அனுப்பினால் பயனில்லை. பையனை அழைத்துக்கொண்டு பெரிய ரத்தவியல் பிரிவுக்கே போங்கள். ஏதாவது வலி மாத்திரை கொடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நர்சிங் படிக்கிறேன், மேடம். இந்த ஏற்பி எப்போதும் இருக்கிறது, ஃபைப்ரினோஜெனும் ரத்தத்தில் எப்போதும் இருக்கிறது. அப்படியானால் ரத்தம் ஏன் சும்மா உறைந்துவிடவில்லை?

நல்ல கேள்வி. ஓய்வில் இருக்கும்போது இந்த ஏற்பி மடங்கிக் குனிந்த நிலையில் இருக்கும். அப்போது ஃபைப்ரினோஜெனைப் பிடிக்காது. காயம் பட்டு, கொலாஜனோ த்ராம்பினோ தட்டணுவைத் தூண்டினால், செல்லுக்குள் இருக்கும் டாலின், கிண்ட்லின்-3 என்ற புரதங்கள் ஏற்பியின் வாலைப் பிடிக்கின்றன. உடனே வெளியே இருக்கும் பகுதி நிமிர்ந்து திறக்கிறது. கட்டளை உள்ளிருந்து வெளியே போகிறது என்பதுதான் இதன் அழகு. கிண்ட்லின்-3 இல்லாத குழந்தைகளுக்கு ஏற்பி இருந்தும் திறக்காது. ரத்தக் கசிவோடு, வெள்ளணுக்களும் ஒட்ட முடியாமல் கடுமையான தொற்றுகளும் வரும்.

1918இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன் தன் பெயரால் வழங்கும் நோயை விவரித்தார். தட்டணுவின் சவ்வில் புரதமே குறைகிறது என்று பாரிஸில் நர்டன், கேன் என்ற ஆய்வாளர்கள் காட்டியது 1974இல்தான்.

நானும் என் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். மூத்த பெண்ணுக்கு இந்த நோய். என் ரத்தத்தில்தான் கோளாறு என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள்.

அது தவறு, சகோதரி. இது ஒளிவு மரபு நோய். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணுக்கள் சேர்ந்தால்தான் வரும். பங்கு இருவருக்கும் சமம், குற்றம் இருவருக்கும் இல்லை. இதை உங்கள் மாமியாரிடம் காட்டுங்கள். ஒரே ஒரு பழுது உள்ளவருக்கு ஏற்பி பாதி அளவு இருக்கும், ரத்தப் போக்கு இருக்காது. அதனால்தான் உங்கள் இருவருக்கும் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை.

உலகில் இது மிக அபூர்வமான நோய். உறவுக்குள் திருமணம் செய்யும் சமூகங்களில் அதிகம் தென்படுகிறது. மருத்துவ நூல்களில் ஈராக்கிய யூதர்கள், ஜோர்டான் அரபியர்கள் ஆகியோருடன் தென்னிந்தியர்களையும் குறிப்பிடுவார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்த பெண்ணின் மரபணுப் பழுதை முதலில் கண்டுபிடித்து வைத்தால், அடுத்த கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பரிசோதிக்க வழி உண்டு. கர்ப்பமாகும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

மகளுக்குப் பதினொன்று ஆகிறது. வயதுக்கு வரும்போது என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஏனென்றால் முதல் மாதவிடாயே மிகக் கடுமையாக இருக்கலாம். இப்போதே மகப்பேறு மருத்துவரையும் ரத்தவியல் மருத்துவரையும் சேர்ந்து ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்தப் போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை எப்போது தொடங்குவது, ஹார்மோன் மாத்திரை எப்போது, எந்த அளவுக்குப் போனால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் எல்லாம் அதில் இருக்கட்டும். இரும்புச் சத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். சடங்கு, கூச்சம் என்று நாள் தள்ள வேண்டாம்.

தட்டணு ஏற்றினால் சரியாகிவிடாதா?

ஏற்றினால் நிற்கும். ஆனால் அந்த ஏற்பியையே பார்த்திராத உடம்பு, ஏற்றிய தட்டணுவில் அதைக் கண்டதும் அந்நியம் என்று எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். பிறகு ஏற்றுவது பலிக்காமல் போகும். அதனால் சின்னக் கசிவுக்கெல்லாம் ஏற்றாமல், அழுத்திப் பிடிப்பது, டிரானெக்ஸாமிக் அமிலம் என்று சமாளித்து, தட்டணுவை ஆபத்துக்கு ஒதுக்கி வைப்போம். எதிர்ப்பொருள் வந்துவிட்டவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் ரீகாம்பினன்ட் ஃபேக்டர் 7ஏ என்ற மருந்து உண்டு. ஐரோப்பாவில் 2004இலும் அமெரிக்காவில் 2014இலும் இதற்கு அனுமதி கிடைத்தது. விலைதான் பெரிய தடை. முழுக் குணம் எலும்பு மஜ்ஜை மாற்றில் சாத்தியம். ஆனால் அதன் அபாயத்தை எடைபோட்டு, மிகக் கடுமையாக இருப்பவர்களுக்கே யோசிப்போம்.

டெங்குவில் வருவதும் இதுதானா?

இல்லை. டெங்குவில் எண்ணிக்கை குறைகிறது. காய்ச்சல் விட்ட சில நாட்களில் ஏறிவிடும்.

பாம்பு விஷத்திலிருந்து மாரடைப்பு மருந்து எடுத்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். அதுவும் இதே ஏற்பியின் கதை. இதயத் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்தால் அங்கே தட்டணுக்கள் குவிந்து அடைத்துவிடுகின்றன. அப்போது இந்த ஏற்பியைச் சில மணி நேரம் மூடிவைத்தால் நல்லது. நம் ஊர் வறண்ட காடுகளிலும் இருக்கும் சுருட்டை விரியனின் விஷத்தில் எகிஸ்டாட்டின் என்று 49 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் இருக்கிறது. அது இந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் சாயலில் வடிவமைத்ததுதான் டிரோஃபிபான் என்ற மருந்து. எப்டிஃபிபடைடு என்ற இன்னொரு மருந்து, அமெரிக்கக் குட்டை கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைப் பார்த்துச் செய்தது. இரண்டும் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவற்றுக்கு முன்பே, 1994இல், அப்சிக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து வந்துவிட்டது.

ஆனால் சுருட்டை விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாமல் போவதற்கு முக்கியக் காரணம் எகிஸ்டாட்டின் அல்ல. விஷத்தில் உள்ள நொதிகள் ஃபைப்ரினோஜெனைத் தீர்த்துவிடுவதுதான். அதற்கு மருந்து விஷமுறிவு ஊசி, தாமதிக்கக் கூடாது.

இதே ஏற்பியைத் தடுக்க மாத்திரைகளும் செய்து பார்த்தார்கள். பெரிய ஆய்வுகளில் அவற்றை எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் கைவிட்டார்கள்.

அப்படியென்றால் கிளான்ஸ்மன் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வராதா?

அப்படி நம்பிவிடாதீர்கள். தமனியில் கொழுப்பு படிவதை இந்த ஏற்பி இல்லாதது தடுப்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

என் தம்பிக்குக் கடைவாய்ப்பல் எடுக்க வேண்டும். என்ன சொல்லி அனுப்புவது?

பல் மருத்துவர் ரத்தவியல் மருத்துவரிடம் பேசாமல் தொடக்கூடாது. தட்டணு கையிருப்பு உள்ள மருத்துவமனையில், காலை வேளையில் எடுப்பது நல்லது. முந்தைய நாளிலிருந்து டிரானெக்ஸாமிக் அமிலம் வேண்டுமா, அதையே வாய் கொப்பளிக்கவும் தருவார்களா என்று கேளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, தசையில் ஊசியும் வேண்டாம். மருந்துக் கடையில் தெரியாமல் கொடுத்துவிடுவார்கள் என்பதால் இந்தப் பெயர்களைச் சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள்.