தேதி போடாத இசைத்தட்டை வாங்கலாமா?

நேரடிக் கச்சேரியில் பதிவான ஜாஸ் தட்டுகளைப் பற்றி, அதிலும் வயதான கலைஞர்களின் தட்டுகளைப் பற்றி, வந்திருந்த கடிதங்களை இங்கே சேர்த்துத் தருகிறேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸின் ‘வித்தவுட் எ சாங்: தி 9/11 கான்சர்ட்’ சிடியை வாங்க நினைக்கிறேன். கேட்டவர்களில் ஒருவர், “முதுமையில் அவர் தந்ததிலேயே சிறந்தது” என்கிறார். இன்னொருவர், “குழு சுமார், துயரத்தை விலையாக்குகிறார்கள்” என்கிறார். யாரை நம்புவது? – வாசகர், சென்னை

பதில்: இருவரும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். ஒருவர் சாக்ஸபோனைக் கேட்டிருக்கிறார், மற்றவர் அதைச் சுற்றியிருந்தவர்களைக் கேட்டிருக்கிறார். உங்கள் காது எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில் அந்த இரண்டாவது குற்றச்சாட்டு. ரோலின்ஸின் வீடு உலக வர்த்தக மையத்திலிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அவர் குடியிருந்த கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னபோது சாக்ஸபோனை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். தாக்குதல் நடந்து நான்கு நாள் கழித்து, 2001 செப்டம்பர் 15 அன்று, பாஸ்டனில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கச்சேரி. போக வேண்டாம் என்றிருந்தவரைப் போகச் சொன்னவர் மனைவி லூசில். அப்போது ரோலின்ஸுக்கு 71 வயது. தட்டு வெளிவந்ததோ 2005இல். துயரத்தை விலையாக்க நினைப்பவர் நான்கு ஆண்டு காத்திருக்க மாட்டார். அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை.

குழுவைப் பற்றிய குறையில் நியாயம் இருக்கிறது. பியானோவும் டிராம்போனும் தனி வாசிப்பை எடுத்துக்கொள்ளும் இடங்களில் வேகம் தணிகிறது. மின்சார பேஸ் கிட்டார் பிடிக்கவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். அதை வாசிப்பவர் பாப் கிரான்ஷா. 1962இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ்’ தட்டில் பெரிய மர பேஸ் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் தந்தி வாத்தியம்) வாசித்த அதே ஆள்தான். அந்த ஓசையை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்ததாகச் சொல்வது புரிகிறது. ஆனால் அதற்காக நட்சத்திரத்தைக் குறைத்தவர்கள், ‘ஒய் வாஸ் ஐ பார்ன்’ பாட்டில் ரோலின்ஸ் ஒரு சிறு மெட்டுத் துணுக்கை எடுத்து விடாமல் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பதைக் கேட்டார்களா என்று தெரியவில்லை. அந்த வாசிப்புக்குத்தான் 2006இல் கிராமி விருது கிடைத்தது. பாட்டு ஏறக்குறைய கால் மணி நேரம் ஓடும். இணையத்தில் அதை மட்டும் முழுதாகக் கேளுங்கள். பத்தாவது நிமிடத்திலும் உங்களைப் பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். பிடித்துவிட்டால் எந்த விமர்சனத்தையும் படிக்காதீர்கள்.

கேள்வி: ரோலின்ஸின் ‘எ நைட் அட் தி வில்லேஜ் வேன்கார்ட்’ தட்டில் பேச்சுக்குரல், கண்ணாடி டம்ளர் சத்தம் எல்லாம் கேட்கிறது. பழுதான பொருள் என்று திருப்பலாமா? – வாசகர், கோவை

பதில்: கூடாது. 1957இல் நியூயார்க்கில் ஒரு நிலவறை கிளப்பில் ஆட்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தபோது பதிவானது அது.

கேள்வி: என் அபிமான ட்ரம்பெட் கலைஞரின் நேரடி நிகழ்ச்சி என்று ஓர் இசைத்தட்டு வாங்கினேன். அட்டையில் இளம் வயதுப் படம். வாசிப்போ தளர்ந்திருக்கிறது, ஒலியும் மங்கல். கேட்டவர்கள் கருத்தில் ஐந்து நட்சத்திரம் இருந்ததே? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: தட்டின் பின்னட்டையைத் திருப்பி, கச்சேரி நடந்த தேதியும் இடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்காது. இதைப் பற்றி எழுத எனக்கு ஆண்டுக் கணக்கில் ஆத்திரம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

பழைய வானொலி ஒலிபரப்புகளை எங்கிருந்தோ எடுத்து, தட்டாக அச்சடித்து, ‘லைவ்’ என்று விற்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. கலைஞரிடமோ அவர் குடும்பத்திடமோ பெரும்பாலும் கேட்பதில்லை. அட்டைக்கு இருபத்தைந்து வயதுப் படத்தைத் தேடிப் பிடிப்பார்கள், ஏனென்றால் அந்த முகம்தான் விற்கும். உள்ளே ஐம்பதைத் தாண்டியவரின் மூச்சு. என் அலமாரியிலும் அப்படி ஒன்று நிற்கிறது. விற்ற கடை இப்போது இல்லை. கறுப்பு வெள்ளைப் படம், தடித்த அட்டை, கனமான தட்டு, பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஊசியை வைத்தால் முதல் பாட்டு அறிவிப்பாளரின் பாதி வாக்கியத்தோடு தொடங்குகிறது, கடைசிப் பாட்டு கைதட்டலுக்கு முன்பே அறுபடுகிறது. ஊர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, உடன் வாசித்தவர்களின் பெயர்கூட இல்லை.

இதில் வாங்குபவரைவிட அதிகம் ஏமாற்றப்படுபவர் கலைஞர். எழுபது வயதில் ஒருவர் வாசிக்கும் விதம் வேறு. மூச்சு குறையும், வேகம் குறையும், எதை வாசிக்காமல் விடுவது என்ற தெளிவு கூடும். வயது தெரிந்து கேட்பவருக்கு அதில் பெரிய இன்பம் இருக்கிறது. வயதை மறைத்து விற்றால், “தளர்ந்துவிட்டார்” என்ற பெயர்தான் அவருக்கு மிஞ்சும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

ரகசியப் பதிவு எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன ரோலின்ஸ் தட்டின் மூலப்பதிவே, கார்ல் ஸ்மித் என்ற ரசிகர் அரங்கில் யாருக்கும் தெரியாமல் எடுத்ததுதான். ஆனால் அது ரோலின்ஸின் சம்மதத்தோடு, அவர் தட்டுகளை வெளியிட்டுவந்த நிறுவனத்தின் வழியாக, தேதியும் ஊரும் அட்டையில் போட்டு வந்தது.

ஐந்து நட்சத்திர விஷயத்துக்கு வருகிறேன். பல கடைத் தளங்களில் ஒரே கலைஞரின் வெவ்வேறு பதிப்புகளுக்கு வந்த கருத்துகளை ஒன்றாகக் கலந்து காட்டுகிறார்கள். நீங்கள் படித்த பாராட்டு வேறொரு தட்டுக்கு எழுதப்பட்டதாக இருக்கலாம். பாட்டுப் பெயரையோ உடன் வாசித்தவர் பெயரையோ சொல்லாத பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ், பியானோ கலைஞர் கென்னி பாரன் இருவரின் ‘பீப்பிள் டைம்’ இரண்டு சிடி தொகுப்பு வாங்கினேன். அடுத்த மாதம் ஏழு சிடி பெட்டியும் வாங்கினேன். பழைய பாட்டுகள் எல்லாம் அதிலும் இருக்கின்றன! பிரித்துவிட்டேன், பணம் திரும்ப வருமா? – வாசகர், மதுரை

பதில்: வராது. பெட்டியின் மேலேயே ‘முழுமையான பதிவுகள்’ என்று போட்டிருக்கிறது. பாட்டுப் பட்டியலை ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். விற்றவர்மீது தவறே இல்லை. போகட்டும், கேளுங்கள். 1991 மார்ச்சில் கோபன்ஹேகனில் பதிவானது, கல்லீரல் புற்றுநோயோடு வாசித்த கெட்ஸ் அதே ஜூனில் இறந்தார். ஏழு தட்டும் தகும்.

கேள்வி: ரோலின்ஸின் எண்பதாவது பிறந்தநாள் கச்சேரி எந்தத் தட்டில்? – வாசகி, திருச்சி

பதில்: ‘ரோட் ஷோஸ்’ இரண்டாம் தொகுதி, 2011. இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஆர்னெட் கோல்மன் மேடையேறும் நீண்ட பாட்டு ஒன்றுக்காகவே வாங்கலாம்.

கேள்வி: அப்பாவின் பிறந்தநாளுக்காக, வேன்கார்ட் தட்டின் “1958 அசல் முதல் பதிப்பு” என்று இணையத்தில் பதினாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். பின்னட்டையில் பார்கோடு இருக்கிறது. “திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்றவர். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. – வாசகி, சேலம்

பதில்: உங்கள்மீது ஒரு தவறும் இல்லை, இது கலப்படமற்ற மோசடி. 1958இல் எந்த அட்டையிலும் பார்கோடு கிடையாது. இன்னொரு சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தைப் பாருங்கள். அதை வெளியிட்ட ப்ளூ நோட் நிறுவனத்தின் அந்தக் காலத்துத் தட்டாக இருந்தால், அச்சிட்ட ஆலையின் அடையாளமாகக் காது மடல் போல வளைந்த ‘பி’ எழுத்து கீறியிருக்கும். உங்களுடையதில் இருக்காது. இரண்டையும் படம் எடுத்துவிடுங்கள். விற்பனைப் பக்கத்தில் “அசல்” என்று போட்டிருப்பதை அழிப்பதற்குள் அதையும் எடுத்துவிடுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளை “திரும்ப எடுக்க மாட்டோம்” என்று விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பணம் கைக்கு வரும்வரை தட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள், வந்த பெட்டியையும் ரசீதையும் எறியாதீர்கள்.