திண்ணைப் பள்ளியை வகுப்பில் நடிக்கலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்பில் 30 பேர், 40 நிமிடம். எங்கள் ஊர்த் திண்ணைப் பள்ளியை (வீட்டுத் திண்ணையில் நடந்த பழைய பள்ளி) நடித்துக் கற்பிப்பது எப்படி?

பதில்: ஆறு பேருக்கு ஒரு தட்டு, சலித்த உலர்மணலை ஒரு விரற்கடை உயரம் பரப்புங்கள். ஈரமணல் விரலில் ஒட்டும், அழித்தெழுத வராது. குழுவுக்கொரு சட்டாம்பிள்ளை (ஆசிரியருக்கு உதவும் மாணவத் தலைவர்) எழுத்தைச் சொல்லி எழுத, மற்றவர்கள் உரக்கச் சொல்லி எழுதட்டும். பிறகு எண்சுவடி (பழைய வாய்பாடு): அரைக்கால் (1/8), மாகாணி (1/16). இதற்கு 20 நிமிடம்.

பிரம்பைத் தராதீர்கள், தந்தால் எல்லாம் அடிதடி நகைச்சுவையாகிவிடும். சாதிப் பாத்திரமும் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம், அது வகுப்புக்கு வெளியிலும் ஒட்டிக்கொள்ளும். வேடம் கலைத்தபின், 'திண்ணையில் யாருக்கு இடமில்லை?' என்று பேசவையுங்கள். அதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். நேரமிருந்தால், 1789-இல் எழும்பூர் அனாதைப் பள்ளிப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் இதே மணலெழுத்தைக் கையாண்டு, 1797-இல் லண்டனில் நூலாக்கியதையும் சொல்லலாம்.