கேள்வி பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் 1933 தேர்தலில் பிரதமர் ஹெர்ட்சாக்கும் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்மட்ஸும் சேர்ந்து அள்ளினார்களாமே, நம் தாத்தாக்கள் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள்? (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: நம் நேட்டால் மாகாணத்தில் பெரும்பாலும் யாருக்கும் இல்லை ஐயா! 1896-லேயே சட்டம் போட்டு, பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருந்தவர்களைத் தவிர மற்ற இந்தியர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஓட்டுரிமை 1930-இல் கிடைத்தது. 1933 மே 17-இல் முதல் தடவையாகப் போய்ப் போட்டார்கள்.

அள்ளியது உண்மைதான், 150-க்கு 136 இடம். ஆனால் அதை அலை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பக்கம் வந்துவிட்டால் எதிர்த்து நிற்க யார் மிச்சம்? எல்லாம் அப்போதைய உலகப் பொருளாதார மந்தம் செய்த வேலை. 1931-இல் பிரிட்டன் தங்க நாணய முறையை (நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறை) விட்ட பிறகும் ஹெர்ட்சாக் வீம்புக்குப் பிடித்துக்கொண்டிருந்தார், நம் நாணயமான பவுண்டின் மதிப்பு ஏறிப்போய் வெளிநாட்டில் கம்பளி விற்கவில்லை, விவசாயிகள் தலையில் துண்டு. அப்புறம் ஹெர்ட்சாக்கின் பழைய அமைச்சர் டீல்மன் ரூஸ் நீதிபதி பதவியை உதறிவிட்டு அரசியலில் குதிக்க, முதலீடு வெளியே ஓட, 1932 டிசம்பர் கடைசியில் ஹெர்ட்சாக் பிடியை விட்டார். பவுண்டு இறங்கியதில் தங்கச் சுரங்கங்களுக்கு அடித்தது யோகம்.

1934-இல் இரண்டு கட்சியும் இணைந்தபோது கோபித்துக்கொண்டு தனியே போனவர் ஹெர்ட்சாக் கட்சிக்காரரான மலான். 1948-இல் ஆட்சியைப் பிடித்தவரும் அவரேதான்.