பாவா வீட்டுக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் கட்டடக்கலைதான் படிப்பேன் என்று நிற்கிறாள். கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீட்டைக் காட்டு என்று தினமும் ஆக்கினை. ரயிலுக்கும் கொடுத்து, உள்ளே போகவும் காசு கொடுத்து, ஒரு வீட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா? மாமியையும் தனியே விட்டுவிட்டு வர ஏலாது.
– வாசகி, கல்லடி

பதில்: போங்கள். ஆனால் வாசலில் நின்று 'அடேயப்பா' என்று அண்ணாந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, அதை இப்போதே மாமியிடம் சொல்லிவிடுங்கள். கொள்ளுப்பிட்டியில் பகத்தலை வீதிப் பக்கம், 33ஆம் ஒழுங்கை, 11ஆம் இலக்கம். அந்த முடுக்கில் வரிசையாக நாலு சின்ன வீடுகள் இருந்தன. 1958இல் பாவா மூன்றாவதை எடுத்தார், நாலாவது காலியானதும் அதையும் சேர்த்தார், பத்து வருடம் கழித்து மிச்சம் இரண்டும் கைக்கு வந்ததும் முதலாவதை இடித்துவிட்டு அந்த இடத்தில் நாலு மாடிக்கு ஒரு கோபுரம் எழுப்பினார். ஒரே மூச்சில் பிளான் கீறிக் கட்டிய வீடு இல்லை இது. நம்மூரில் மகளுக்குக் கலியாணம் பேசியதும் தாய்வீட்டு வளவுக்குள்ளேயே இன்னொரு வீட்டை இறக்குவோமே, அப்படி வளர்ந்த வீடு. வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் சேர்க்கச் சேர்க்கப் பழைய அறைகள் இருண்டு போகும். அவர் அதை நடக்க விடவில்லை.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உள்ளே போனதிலிருந்து வெளிச்சம் எங்கேயிருந்து விழுகிறது என்று மட்டும் கவனிக்கட்டும். மூன்று பக்கமும் அடுத்தவன் மதில், அதனால் பக்கவாட்டில் யன்னல் வைத்துப் பெரிய பிரயோசனம் இல்லை. ஆகவே அறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடங்களை வானம் தெரியத் திறந்தபடி விட்டார். வாசலிலிருந்து வெள்ளையடித்த நீள நடை ஒன்று போகும், சுவரும் வெள்ளை, நிலமும் வெள்ளை, கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று நினைக்கும்போது முன்னால் ஒரு முற்றத்தில் வெயில் விழுந்து கிடக்கும், கால் தானாக அங்கே இழுக்கும். அப்படி ஒரு இடத்தில் நிற்கும் கடைந்த மரத்தூண்களை விட்டுவிடாதீர்கள், அவை செட்டிநாட்டுப் பழைய வீட்டிலிருந்து வந்தவை.

நினைத்த நேரத்துக்குப் போய்ப் படலையைத் தட்ட முடியாது. ஜெஃப்ரி பாவா அறக்கட்டளையிடம் முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும், ஒருவர் கூட வந்து சுற்றிக் காட்டுவார். கட்டணம் எவ்வளவு, படம் எடுக்கலாமா என்பதைப் பதியும்போதே கேளுங்கள். கோபுரத்தில் படி ஏறவேண்டும், மாமிக்கு முழங்கால் நோ என்றால் கீழே இருக்கட்டும், பார்க்கவேண்டியதில் பாதிக்கு மேல் கீழேதான். இரவு ரயிலில் போனால் விடியக் கொழும்பு, வெள்ளவத்தையில் உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இல்லாமலா இருப்பார், அங்கே குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், களைத்த கண்ணோடு போனால் எல்லா வீடும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். பாவா முதலில் சட்டம் படித்தவர், கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில்.

கேள்வி: கொழும்புப் பணக்காரர் வீட்டை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? வெள்ளைக்காரப் பாணிதானே அது? நமக்கு அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், ஏறாவூர்

பதில்: பணக்காரர் என்பது சரி. பழைய ரோல்ஸ் ரொய்ஸ் கார் ஒன்று அந்த வீட்டுக் கராஜில் நிற்கிறது, மறுக்கவா முடியும்? வெள்ளைக்காரப் பாணி என்பதுதான் சரியில்லை. அறுபதுகளில் நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு, கண்ணாடியும் இரும்பும் நினைத்தபடி வாங்க முடியாது. அந்தக் காலத்தில்தான், 1960க்கும் 62க்கும் இடையில், பத்திக் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குப் பாவா கொழும்பில் ஒரு வீடு கட்டினார். ஓடு, மரம், கருங்கல், நடுவில் பெரிய முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம். நாற்சார் வீட்டில் ஒரு மழைநாளாவது இருந்தவருக்கு அதைப் போய் யாரும் விளக்கவேண்டியதில்லை. பிறகு அந்தக் காணி கைமாறியபோது வீட்டைக் கழற்றி, துண்டுதுண்டாக எண் போட்டு, பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கையில் திரும்பக் கட்டினார்கள். அதையும் போய்ப் பார்க்கலாம்.

உங்களுக்குப் பாவாவைப் பிடிக்காவிட்டால் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வாவைப் படியுங்கள். என்னைக் கேட்டால் அவரைத்தான் முதலில் சொல்லவேண்டும். கண்டியில் கருணாரத்ன வீட்டை 1949-51இல் கட்டியவர், அப்போது பாவா இந்தத் தொழிலுக்கே வரவில்லை. நவீனக் கொங்கிறீற்றையும், கண்டிப் பக்கம் கையால் நெய்யும் தும்பறைப் பாயையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தவர். கண்டி வட்டாபுளுவையில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் போட்டபோது, குடிவரப்போகிறவர்களிடமே கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எத்தனை பேர் என்று விசாரித்துத்தான் வரைந்தார். சுனாமிக்குப் பிறகு நம்மூரில் தீப்பெட்டி மாதிரி வரிசையாக வீடு கட்டித் தந்தவர்களில் எத்தனை பேர் குசினி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள்?

கேள்வி: நம்ம பக்கத்தில் அந்தக் காலத்து நவீனக் கட்டடம் பார்க்க ஏதாவது உண்டா?
– வாசகர், அம்பாறை

பதில்: நீங்கள் இருக்கும் ஊரே அதுதான். 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தோடு எழுந்த நகரம். இங்கினியாகலை அணைக்கட்டை அமெரிக்கக் கம்பனி ஒன்று கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நடந்து, பழைய அரச கட்டடங்களின் நீளமான கூரையையும் விறாந்தையையும் பாருங்கள். குடியேற்றமும் 1956இல் அங்கே நடந்த கலவரமும் அந்தக் கதையில் சேர்ந்தவைதான், அணைக்கட்டின் அழகை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது.

கேள்வி: மூத்தாப்பா 1962இல் கட்டிய வீடு. சிவப்புச் சீமெந்து நிலம், யன்னலுக்கு மேலே கொங்கிறீற் சட்டம், விறாந்தையில் ஓட்டை ஓட்டையாகச் சீமெந்துக் கல் சுவர், நடுவில் சின்ன முற்றம். தம்பி டைல்ஸ் பதித்து, சுவரை அடைத்து, முற்றத்துக்குத் தகடு போட்டு ஏசி பூட்டப் போகிறான். விடலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தம்பிக்கு ஒரு அறையைக் கொடுங்கள். படுக்கிற அறை ஒன்றை நன்றாக அடைத்து ஏசி போடட்டும், ஆடி மாத வெக்கையில் அது நியாயமான ஆசைதான். ஆனால் முற்றத்தில் கை வைக்க விடாதீர்கள். சூடான காற்று மேலே போய் வெளியேறுவதும், சுற்றியுள்ள அறைகளுக்குப் பகல் வெளிச்சம் வருவதும் அந்த வழியாகத்தான். தகடு போட்டால் நடுப்பகலிலும் லைட் போடவேண்டி வரும். ஓட்டைக் கல் சுவரும் அப்படியே, கடற்காற்று நுழையும், வெயில் நுழையாது. நுளம்புதான் பிரச்சினை என்றால் உள்பக்கமாக வலை அடியுங்கள். சிவப்பு நிலத்தில் வெடிப்பு இருந்தால் தெரிந்த மேசனைப் பிடித்து அதே நிறத்தில் பூசலாம், டைல்ஸ் ஒட்டினால் பிறகு அந்த நிலம் திரும்பக் கிடைக்காது.

கூரையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. 78 சூறாவளிக்குப் பிறகு நம்ம பக்கத்தில் பலர் கூரை மாற்றியவர்கள்தானே, உங்களதும் அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்தால் தம்பியை அதில் துளை போடவோ, வெட்டவோ, தூரிகையால் உரஞ்சவோ விடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நெளிவுச் சீட்டுக்கு மேலே நாட்டு ஓடுகளைப் பரப்புவது பாவா அடிக்கடி செய்த வேலை, ஓடு விலகினாலும் ஒழுகாது, வெக்கையும் குறையும். அஸ்பெஸ்டஸ் இல்லாத சீட்டுகளும் இப்போது வருகின்றன, புதிதாகப் போடுவதென்றால் அதை வாங்கச் சொல்லுங்கள். ஓட்டின் பாரத்தை உங்கள் கூரை மரங்கள் தாங்குமா என்று முதலில் ஓடாவியை ஏற்றிப் பாருங்கள்.