மழையில் ஓடுவோரும் மலை ஏறுவோரும் கேட்டவை: வாங்குவோர் கேள்வி-பதில்

ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி வெளியிடுகிறேன்.

கேள்வி: மலையேற்றத்துக்குச் செல்லும் என் மகனுக்காகத் தள்ளுபடி விற்பனையில் 3,200 ரூபாய்க்குப் புது பூட்ஸ் வாங்கினேன். இரண்டாவது வாரம் மழையில் நடக்கும்போது இரண்டு சோலும் கழன்று விழுந்தன. கடைக்காரரோ, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். — ஒரு தாய், பேட்டை

பதில்: அம்மா, உங்கள் மீது தவறில்லை. அந்த வரியைக் கண்டு ஒதுங்கிவிடாதீர்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். அதற்கு மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பின்னும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது; வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. கழன்ற சோல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவைதாம் உங்கள் சாட்சி.

இந்தச் சோல் விவகாரத்தைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இன்னும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. மலையேற்ற பூட்ஸ் பலவற்றில் தரையில் படும் சோலுக்கும் பாதத்துக்கும் நடுவே பாலியூரித்தேன் என்னும் மெத்தை அடுக்கு இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்பை மெல்ல அறுத்துக்கொண்டே இருப்பதால், ஒருநாளும் காலில் ஏறாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் சில ஆண்டுகளில் அது உளுத்துப்போகும். நம் ஊர் மழைக்காலத்துப் புழுக்கத்தில், காற்றோட்டமில்லாத கிடங்கில் அடுக்கி வைத்த பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கிய பூட்ஸோடு, வனத்துறை அனுமதி பெற்று மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்குத் தேயிலைத் தோட்டச் சாலையில் நடந்தபோது, வலது குதிகாலடியில் ஏதோ நழுவுவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால் சோல் நாக்கைப் போலத் தொங்குகிறது; விரலால் தொட்ட இடமெல்லாம் டீயில் ஊறிய ரஸ்க்கைப் போல உதிர்ந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, வழுக்கும் கல்லில் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினேன். முழங்கால் வலி ஒரு மாதம் இருந்தது. பெட்டியை அதன் பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்: தயாரித்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆகவே பெட்டியின் பக்கவாட்டில் விலைக்கு அருகே அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் முதலில் படியுங்கள். அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். பிறகு கட்டைவிரல் நகத்தால் சோலின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல சோல் அமுங்கி மீளும். கெட்டது பிசுபிசுக்கும் அல்லது மெல்லிய வெடிப்புக் காட்டும். இ.வி.ஏ. என்னும் நுரைச் சோல் நாளடைவில் தட்டையாகுமே தவிர இப்படிப் பொடியாவதில்லை. இவ்வளவையும் அறிந்த வியாபாரி பழைய சரக்கைத் தள்ளுபடி என்ற பெயரில் மலை ஏறுகிறவனின் காலில் மாட்டி அனுப்புவது, என்னைப் பொறுத்தவரை, வியாபாரமே அன்று.

கேள்வி: ரெயின்கோட்டை வாஷிங் மெஷினில் போடலாமா? — பாளையங்கோட்டை

பதில்: போடலாம், ஆனால் துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள், அது துணியின் நீர் விலக்கும் பூச்சைக் கெடுத்துவிடும்.

கேள்வி: இணையத்தில் 9,000 ரூபாய்க்கு டபுள் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்) வைத்த மலை சைக்கிள் வாங்கினேன். டிஸ்க் பிரேக் கீச்சிட்டதால் எண்ணெய் விட்டேன். இப்போது மழையில் சரிவில் பிரேக் பிடிக்கவே இல்லை. கம்பெனி மீது வழக்குப் போடலாமா? பில்லைக் காணவில்லை. — மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, பிரேக் பிடிக்கும் தகட்டில் எண்ணெய் விட்டது நீங்கள்; அதற்கு யார் மீது வழக்குப் போடுவது? அந்த பிரேக் கட்டைகள் எண்ணெயைக் குடித்துவிட்டன, மாற்றியே ஆக வேண்டும். தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். அதுவரை அந்த சைக்கிளில் எந்த இறக்கத்திலும் இறங்காதீர்கள். இந்த விலையில் பின்புற ஸ்பிரிங் எடையைக் கூட்டுமே தவிர அதிர்வை அடக்காது. இதே பணத்துக்கு முன் ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளும், ஈர மண்ணைக் கவ்வும் பல்லுள்ள டயரும் கிடைத்திருக்கும். வாங்கும் முன் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பில்லையாவது மின்னஞ்சலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி விடியற்காலையில் ஓடுகிறேன். மழைக்காக 11,000 ரூபாயில் நீர்புகா ஷூ வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தேங்கிய நீரில் ஓடும்போது தண்ணீர் கணுக்கால் வழியாகத்தான் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் நீர்புகாத் துணிக்குள் இருந்து வெளியேற வழியில்லை. பனி பெய்யும் நாடுகளில் காலைச் சூடாக வைக்க அந்த ஷூ உதவலாம். பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வலைத்துணி ஷூவும் பாலியெஸ்டர் காலுறையும் போதும். ஓடி முடித்ததும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். மிச்சப்படும் பணத்தில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை வாங்குங்கள். இருட்டில் வரும் பேருந்து ஓட்டுநருக்கு உங்களைத் தெரிய வேண்டும்.

கேள்வி: டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கந்தா செல்கிறோம். "மைனஸ் 20 டிகிரி தாங்கும்" என்று போட்ட 1,499 ரூபாய் ஜெர்கின் போதுமா? — கல்லூரி மாணவி, வள்ளியூர்

பதில்: அந்த எண்ணை நம்பி ஏறக்கூடிய இடமன்று அது; உச்சி சுமார் 12,500 அடி, டிசம்பரில் பனி மூடியிருக்கும். ஒரே தடித்த உடுப்பைவிட அடுக்குகளே காக்கும்: உடலோடு ஒட்டி வியர்வையை வெளியேற்றும் பனியன், அதன் மேல் ஃபிளீஸ் என்னும் கம்பளி போன்ற செயற்கைத் துணிச் சட்டை, அதன் மேல் இறகு அல்லது செயற்கைப் பஞ்சு ஜெர்கின், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் நீரும் புகாத உறை. இறகு நனைந்தால் சூட்டை இழந்துவிடும். செயற்கைப் பஞ்சு ஓரளவு தாக்குப்பிடிக்கும். பருத்தி பனியனை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். வெளி உறையையும் கனத்த ஜெர்கினையும் புறப்படும் ஊரான சாங்க்ரியில் வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம். வள்ளியூரில் அவற்றுக்கு வேறு உபயோகம் இல்லை.

கேள்வி: "10,000 லூமன், முழு நீர்புகா" என்று இணையத்தில் விற்ற, தலையில் மாட்டும் ஹெட்லைட் முதல் மழையிலேயே அணைந்துவிட்டது. காட்டுப் பாதையில் கைபேசி வெளிச்சத்தில் தடவித் தடவித் திரும்பினேன். விற்றவர் பதிலே சொல்லவில்லை. — தென்காசி

பதில்: நீங்கள் பத்திரமாகத் திரும்பியதில் நிம்மதி. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப் பக்கத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள், நாளை அது மாறிவிடும். இனி வாங்கும்போது "வாட்டர்புரூஃப்" என்ற சொல்லைப் பார்க்காமல் குறியீட்டைப் பாருங்கள்: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கியர் சைக்கிளைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? — கொக்கிரகுளம்

பதில்: பெடல் அச்சையும் இரு சக்கர அச்சுகளையும் உங்கள் முன்னால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டலும் துருவும் தெரிந்தால், அல்லது பிரிக்க மறுத்தால், வந்துவிடுங்கள்.

கேள்வி: அட்டைக் கடிக்கு 600 ரூபாய் ஸ்பிரே நல்லதா?

பதில்: மழையில் கழுவிப்போகும். நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டைத் தடுப்புக் காலுறையும், ஒரு பொட்டலம் உப்பும் போதும்.