கொழிஞ்சாம்பாறையில் மோஷன் சாம்பிள், கோவையில் லேப்: ஐஸ் பெட்டி போதுமா?

கேள்வி இது: கேரளாவின் சித்தூர் தாலுகாவில் (கொழிஞ்சாம்பாறை இருக்கும் பகுதி) 60 பேர், எல்லைக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி கிராமங்களில் 60 பேர், இரு தரப்பின் குடல் பாக்டீரியாவை 16எஸ் முறையில் (பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவைப் படித்து எந்தெந்த வகை இருக்கிறது என்று பார்ப்பது) ஒப்பிட வேண்டும்.

24 மணி நேரத்துக்குள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குப் போய்விடும், அதுவரை பெட்டியில் ஐஸ் கரையாது என்றால் போதும். பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் அதை நம்பி இறங்க மாட்டேன். ஐஸ் கரைந்தால் ஈ.கோலை வகையறா மளமளவென்று பெருகும். பிறகு லேபில் நீங்கள் படிப்பது கார் டிக்கியில் வளர்ந்ததை.

எத்தனாலில் போடுங்கள். 95 சதவீதம் வேண்டும். ஆஸ்பத்திரியில் கை துடைக்கும் 70 சதவீதம் உதவாது. அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். 1 கிராமை 4 மில்லியில் போட்டால் எத்தனால் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 9 மில்லியில் போட்டால் 88-ல் நிற்கும். ஆகவே அரை கிராமுக்கு 4.5 மில்லி. அரை கிராம் என்றால் ஊறாத வெள்ளைக் கொண்டைக்கடலை ஒன்றின் அளவு. ஆட்களிடம் அப்படியே சொல்லுங்கள், புரியும். கட்டி கரையும்வரை குலுக்கச் சொல்லுங்கள். குலுக்காவிட்டால் உள்ளே எத்தனால் போகாது, நடுவில் பாக்டீரியா வளர்ந்துகொண்டே இருக்கும். எத்தனாலில் போட்டதைக் கல்ச்சருக்கு (பாக்டீரியாவை உயிரோடு வளர்த்துப் பார்க்க) வைக்க முடியாது, அது வேண்டுமானால் தனி டியூப். எத்தனால் ஸ்பிரிட்தான், கலால் செக்போஸ்ட் இருக்கிற ரோடு, நிறுவனக் கடிதம் கையில் இருக்கட்டும்.

லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். எத்தனால் ஒரு சொட்டு கசிந்தாலும் மார்க்கர் மை கரைந்து ஓடிவிடும். அப்புறம் எது யாருடையது?

நம்மூர்க் கக்கூஸில் மலத்தில் தண்ணீர் பட்டுவிடும். அகலமான பேப்பர் தட்டு ஒன்றும் ஸ்பூன் வைத்த டப்பாவும் கொடுத்துவிடுங்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் அள்ளக் கூடாது. ஒப்புதல் படிவம் இரண்டு மொழியிலும் வேண்டும்: சித்தூர்ப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களில் பலர் பள்ளியில் படித்தது மலையாளம்.

கடந்த 3 மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின், கேஸுக்குப் பேன்டாப்ரசோல், இரண்டுமே குடல் பாக்டீரியாக் கூட்டத்தை மாற்றும். கள்ளையும் கேளுங்கள்: தமிழ்நாட்டில் தடை, சித்தூரில் கடையில் கிடைக்கும், உயிருள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் நிறைந்தது. பழைய சோறு, மோர் எல்லாம் இதே கணக்கு.

லேபில் டிஎன்ஏ பிரிக்கும்போது டியூபில் குட்டி மணிகளைப் போட்டு வேகமாகக் குலுக்கி பாக்டீரியாவை அடித்து உடைக்கும் படியைத் தவிர்க்காதீர்கள். தடித்த சுவருள்ள கிராம் பாசிட்டிவ் வகைகள் வெறும் என்சைமுக்குச் சரியாக உடையாது, கணக்கில் குறைந்து தெரியும். முக்கியமாக, கேரளா சாம்பிள்களைத் திங்களன்று ஒரு கிட்டிலும் தமிழ்நாட்டுடையதைப் புதனன்று வேறொரு கிட்டிலும் ஓட்டாதீர்கள். கிட்டுக்குக் கிட்டு வரும் வித்தியாசம் மாநில வித்தியாசம் மாதிரியே தெரியும், எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. 120-ஐயும் சீட்டுக் குலுக்கிக் கலந்து அடுக்குங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் மலம் போடாத வெறும் எத்தனால் டியூப் ஒன்றையும் கூடவே கடைசிவரை ஓட்டுங்கள். அதில் வரும் பாக்டீரியா கிட்டிலிருந்தோ கையிலிருந்தோ வந்தவை.